ஒருமுறை வந்த டெங்கு ஏன் காவல் நிற்பதில்லை?

கேள்வி: டொக்டர் அக்கா, நான் உப்புவெளியில் இருக்கிறேன். கணித ஆசிரியை. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது டெங்கு வந்து ஆறு நாள் வாட்டில் கிடந்தேன். போன மாரியில் என் 11 வயது மகனுக்கும் வந்து சுகமாகிவிட்டது. வாட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது, “இனிக் கவனம், இரண்டாம் தரம் வந்தால் கடுமையாகலாம்” என்றார்கள். சின்னமுத்து ஒருக்கா வந்தால் ஆயுளுக்கும் காவல் என்கிறோம். இது மட்டும் ஏன் தலைகீழ்? ஏ.எல். உயிரியல் படிக்கிற என் அக்காவின் மகள், “வைரஸின் புரதம் திறப்பு, எங்கள் கலம் பூட்டு” என்று விளக்குகிறாள். திறப்பை ஒருமுறை பார்த்த உடம்புக்கு மறுமுறை அதைப் பிடிக்கத் தெரியாதா? வீட்டில் ஏழு மாதக் குழந்தையும் இருக்கிறாள். எனக்கு வந்து சுகமானதால் என்னுடைய பிறபொருளெதிரி அவளுக்கும் போயிருக்கும், அவளைப் பற்றிப் பயம் வேண்டாம் என்று மாமி சொல்கிறா. சரிதானா? பப்பாசி இலைச் சாறு கொடுக்கலாமா? கணவருடைய பழைய வள்ளம் வளவில் தறப்பாள் மூடிக் கிடக்கிறது, அதற்குப் பக்கத்தில் காற்று நன்றாக வரும் இடத்தில்தான் குழந்தையின் ஏணை கட்டியிருக்கிறோம். பகலில் நுளம்பு வலை போடத் தேவையில்லைத்தானே?

பதில்:

தங்கச்சி,

மாமி சொன்னதில் இருந்து தொடங்குகிறேன். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம். உங்கள் பிறபொருளெதிரி, அதாவது கிருமியில் போய் ஒட்டுவதற்கென்று உடம்பு செய்கிற காவல் புரதம், தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போயிருக்கும் என்பது சரி. அதனால் பயம் வேண்டாம் என்பது பிழை. ஏழு மாதத்தில் கதை ஏறக்குறைய எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று எண்ணிக்கொண்டிராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். “தாய்க்கு 2017இல் டெங்கு வந்தது” என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டுப் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். நான் சொல்லப்போவது கர்ப்பத்தில் இரத்தம் வழியாகப் போன பிறபொருளெதிரியைப் பற்றியது. தாய்ப்பாலுக்கும் இதற்கும் வழக்கு இல்லை.

இனிக் காரணம். கொஞ்சம் நீளும். நீங்கள் கணிதம் படிப்பிப்பவர் என்பதால் எண்களைக் குறைக்காமல் எழுதுகிறேன்.

1960களில் பாங்கொக்கில் வேலை செய்த ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க வைத்தியர், டெங்கு கடுமையாகி வாட்டுக்கு வருகிற பிள்ளைகள் இரண்டு கூட்டமாக இருப்பதைக் கவனித்தார். ஒரு கூட்டம், இரண்டாம் தரம் டெங்கு கண்ட பிள்ளைகள். மற்றது, ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகள். அவர்களுக்கு அதுதான் முதல் டெங்கு, ஆனால் அவர்களுடைய தாய்மாருக்கு முன்பே வந்து போயிருந்தது. முதல் கூட்டத்தின் இரத்தத்தில் சொந்தமாகச் செய்த பிறபொருளெதிரி, இரண்டாவது கூட்டத்தில் தாயிடம் கடனாக வாங்கியது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். காவலுக்கு வைத்த ஆளே கதவைத் திறந்துவிடுகிறானோ என்ற சந்தேகம் அங்கே பிறந்தது. உங்கள் வீட்டில் அந்த இரண்டு கூட்டத்துக்கும் ஆளுக்கொருவர் இருக்கிறார்கள். வந்த கடிதங்களில் உங்களுடையதை முதலில் எடுத்ததற்கு அதுதான் காரணம்.

ஹால்ஸ்டெட் சந்தேகப்பட்ட காலத்தில் வைரஸின் முகம் யாருக்கும் தெரியாது. அது தெரிய 2002 ஆகிவிட்டது. அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கூனும் மைக்கேல் ரொஸ்மனும் இருந்த குழு, வைரஸைச் சட்டென்று உறைய வைத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றுசேர்த்து டெங்கு வைரஸின் முப்பரிமாண உருவத்தைக் கட்டியது. கொரோனாப் படத்தைச் சுவர் சுவராகப் பார்த்த எங்களுக்கு வைரஸ் என்றால் முள் நீட்டிக்கொண்டு நிற்கும் பந்து. முற்றிய டெங்கு வைரஸில் முள் கிடையாது. வழுவழுப்பான உருண்டை, விட்டம் சுமார் 50 நனோமீற்றர். உங்கள் அடிமட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளிக்குள் 20,000 வைரஸை வரிசையாக அடுக்கலாம்.

அந்த உருண்டையின் மேற்பரப்பு முழுவதும் ஒரே புரதம். ‘ஈ’ புரதம் என்பார்கள், மேலுறைப் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வைரஸில் 180 பிரதிகள். இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து 90 சோடி. மூன்று சோடி பக்கம் பக்கமாகப் படுத்து ஒரு தட்டு, அப்படி 30 தட்டு. கிடுகு பின்னியதைப் பார்த்திருப்பீர்கள். ஓலை ஒன்றின் கீழ் ஒன்று நுழைந்து, எந்த ஓலையின் நுனி எங்கே போனது என்று வெளியிலிருந்து தெரியாது. இந்தப் புரதமும் அப்படித்தான் படுத்திருக்கிறது. முழு நீளம் 495 அமினோ அமிலம் அளவில் வரும். அதில் 98க்கும் 111க்கும் இடைப்பட்ட சிறிய வளையம்தான் ஆயுதம். எண்ணெய்த்தன்மை கொண்ட நுனி அது. கலத்தைச் சுற்றியிருக்கிற மென்சவ்வும் கொழுப்பால் ஆனது என்பதால், இந்த நுனிக்கு மென்சவ்வுக்குள் குத்தி நிற்க முடியும். சமாதான காலத்தில் இந்த நுனி பக்கத்துச் சோடிப் புரதத்தின் அடியில் மறைந்திருக்கும். அது மறைந்திருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கதை முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

அக்கா மகளின் திறப்பு–பூட்டு உவமைக்கு வருவோம். நானும் பல வருடம் விரிவுரையில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், எனவே பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. கொரோனாவுக்கு அது ஓரளவு பொருந்தும். அதன் முள் நுனி எங்கள் கலத்தில் உள்ள ஏஸ்-2 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும். எச்.ஐ.வி.க்கும் பொருந்தும், அது சிடி-4 என்ற புரதம் உள்ள வெண்குழியத்தைக் குறிவைக்கிறது. டெங்கு அவ்வளவு நுணுக்கம் பார்க்காது. ‘ஈ’ புரதத்தில் ஒட்டியிருக்கிற சீனிச் சங்கிலியைப் பிடிக்க ஒரு கலத்தில் ஒரு கை இருக்கும், வேறொரு கலத்தில் மேற்பரப்பில் உள்ள வேறு சீனிப் பொருளில் அது தானாக ஒட்டிக்கொள்ளும். பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு கிடைத்தால் போதும். அதற்குப் பிறகு கலமே அதை ஒரு சிறு பைக்குள் வைத்து விழுங்கிவிடுகிறது. கலம் தன் சாப்பாட்டை விழுங்குகிற அதே வழி. பூட்டு ஒன்றும் உடையவில்லை, கதவும் திறக்கவில்லை. ஆனால் வைரஸ் இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. அதன் மரபணு பையைத் தாண்டி வெளியே வராவிட்டால் அத்தோடு முடிந்தது.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு காட்சிதான் உதவும். சின்ன வயதில் மூதூர் லாஞ்ச் வருவதைத் துறைமுகத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். லாஞ்ச் நேரே வந்து கரையில் ஒட்டாது. கொஞ்சம் தள்ளி நின்று ஆடிக்கொண்டிருக்கும். அணியத்தில் நிற்கிற பையன் கயிற்றை எறிவான், கரையில் ஒருவர் அதைக் கட்டையில் மாட்டுவார். பிறகு லாஞ்சில் நிற்பவர்கள் கயிற்றை மடித்து மடித்து உள்ளுக்கு இழுப்பார்கள். நடுவில் இருக்கிற தண்ணீர் இரண்டு பக்கமும் பிதுங்கும், பக்கத்தில் தொங்கவிட்ட பழைய டயர்கள் நசுங்கும், கடைசியில் லாஞ்சும் கரையும் முட்டும். அப்போதுதான் முதல் ஆள் கால் வைப்பார்.

வைரஸை விழுங்கிய பைக்குள் கலம் அமிலத்தைச் சேர்க்கிறது. பீஎச் பெறுமானம் ஏறக்குறைய 6.5க்குக் கீழே இறங்கும்போது படுத்திருந்த 90 சோடிகளும் பிடியை விடுகின்றன. ‘ஈ’ புரதங்கள் எழும்பி நின்று, சோடிக்குப் பதிலாக மூன்று மூன்றாகச் சேர்கின்றன. மறைந்திருந்த எண்ணெய் நுனி வெளியே வந்து பையின் மென்சவ்வில் குத்துகிறது. கயிறு கட்டையில் மாட்டியாகிவிட்டது. புரதத்தின் மறுமுனை வைரஸின் சொந்த மென்சவ்வில் பதிந்திருக்கிறது. இனிப் புரதம் நடுவில் தன்னைத்தானே மடிக்கிறது. இரண்டு முனையும் கிட்டக் கிட்ட வர, இரண்டு சவ்வும் நடுவில் இருந்த தண்ணீரைப் பிதுக்கிக்கொண்டு முட்டி, ஒன்றாகி, ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையால் 10,700 எழுத்து அளவு நீளமான ஆர்.என்.ஏ., அதாவது வைரஸின் மரபணு, கலத்துக்குள் இறங்குகிறது. மடிந்த நிலையில் இந்தப் புரதம் எப்படியிருக்கும் என்பதை 2004இல் ஹாவர்டில் ஸ்டீபன் ஹரிசனின் குழு காட்டியது. சோடியாகப் படுத்திருந்ததும் மூன்றாக மடிந்து நிற்பதும் ஒரே புரதம் என்று நம்ப முதல் பார்வையில் கஷ்டமாக இருக்கும்.

இது எலிப்பொறி மாதிரி, ஒருமுறைதான் அடிக்கும். கலத்துக்கு வெளியே வைரஸை அமிலத்தில் வைத்தால் பொறி வெறுமனே அடித்து முடிந்துவிடும், அந்த வைரஸால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. (இதைச் சொன்ன உடனே யாராவது, “அப்ப தேசிக்காய்த் தண்ணி குடிச்சா?” என்று கேட்பார்கள். எத்தனை தேசிக்காய் பிழிந்து குடித்தாலும் இரத்தத்தின் பீஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில்தான் நிற்கும். காய்ச்சல் நேரத்தில் நீராகாரமாகக் குடியுங்கள், நல்லது.)

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறதைக் கவனித்தீர்களா? புதிய வைரஸ்கள் கலத்துக்குள் தயாராகி வெளியே வருகிற வழியும் அமிலமான வழிதான். பொறி உள்ளேயே அடித்துவிட்டால்? அதற்கு வைரஸ் வைத்திருக்கிற ஏற்பாடு என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே மிக அழகான துண்டு, மிக ஆபத்தான துண்டும் அதுதான். பிறந்த வைரஸில் ‘ஈ’ புரதத்தின் நுனிக்கு மேல் இன்னொரு புரதம் தொப்பி போட்டு மூடியிருக்கிறது. அந்த நிலையில் வைரஸ் வழுவழுப்பாக இராது. 180 புரதமும் மூன்று மூன்றாக நிமிர்ந்து 60 முள்ளாக நிற்கும். வெளியேறும் வழியில் அமிலம் பட்டதும் 60 முள்ளும் சரிந்து 90 சோடியாகப் படுக்கிறது. 60 × 3, 90 × 2. அதே 180, வேறு அடுக்கு. அப்படிப் படுத்த பிறகு எங்களுடைய சொந்த நொதியம் ஒன்று, ஃபியூரின் என்று பெயர், தொப்பியின் இணைப்பை வெட்டுகிறது. கலத்துக்கு வெளியே வந்ததும் தொப்பி கழன்று விழுகிறது. கத்தி எங்களுடையது என்பதையும் கவனியுங்கள். வைரஸ் தனக்கென்று ஒன்றைக் கொண்டுவரவில்லை.

இந்த வெட்டு எல்லா இடத்திலும் ஒழுங்காக விழுவதில்லை. டெங்குவில் நிறைய வைரஸ்கள் பாதி முற்றிய காய் மாதிரி வெளியே வருகின்றன. ஒரு பக்கம் வழுவழுப்பு, இன்னொரு பக்கம் தொப்பி போட்ட முள். வேலைக்காகாத பண்டம் என்றுதான் முதலில் நினைப்போம். உடம்பின் காவல்படை பார்த்துப் பழகுவது இவற்றையும் சேர்த்துத்தான்.

டெங்குவில் நான்கு வகை உண்டு. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவான வருடம், அந்த வருடம் அதிகம் ஓடியது 2ஆம் வகை. உங்களுக்கு வந்ததும் அதுவாக இருக்கலாம். ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு எதிராக நீண்டகாலக் காவல் கிடைக்கிறது. அந்த விஷயத்தில் டெங்குவும் சின்னமுத்து மாதிரித்தான், தலைகீழ் ஒன்றும் இல்லை. மற்ற மூன்று வகையிடம்தான் வில்லங்கம். நான்கு வகையிலும் ‘ஈ’ புரதத்தின் வெளிப்பக்கம் வேறு வேறு. நான்கிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பவை இரண்டு இடங்கள்: மறைந்திருக்கிற அந்த எண்ணெய் நுனி, மற்றது தொப்பி. முதல் டெங்குவில் உடம்பு செய்கிற பிறபொருளெதிரியில் நல்ல பங்கு இந்த இரண்டுக்கும் எதிரானது. இரண்டாவது வகை வரும்போது உடம்பு, “ஆ, இவனைத் தெரியும்” என்று பழையதையே எடுத்து நீட்டுகிறது. அது ஒட்டத்தான் செய்கிறது. ஆனால் முற்றிய வைரஸில் நுனி மறைவாக இருப்பதால் சில இடத்தில் மட்டும், அதுவும் அரைகுறையாக ஒட்டுகிறது. பொறியைப் பூட்டுகிற அளவுக்கு ஆள் பலம் இல்லை.

ஒட்டிய பிறபொருளெதிரிக்கு ஒரு வால் உண்டு. அந்த வாலைப் பிடித்து உள்ளே இழுப்பதற்கென்றே சில வெண்குழியங்களில் கைகள் இருக்கின்றன. கள்ளனைப் பிடித்துப் பொலிஸ் நிலையத்துக்குள் கொண்டுபோகிற ஏற்பாடு அது. சாதாரணமாக உள்ளே போன கிருமி செரித்து முடிந்துவிடும். டெங்குவுக்கோ பெருகுவதற்கு மிகவும் பிடித்த இடமே இந்த வெண்குழியங்கள்தான். கைவிலங்கு போடாத கள்ளனை ஜீப்பில் ஏற்றி, அவன் கொள்ளையடிக்க நினைத்த வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்ட கதை. பைக்குள் அமிலம் ஏறுகிறது, பொறி அடிக்கிறது. பாதி முற்றிய வைரஸ்கள் தனியாக வந்தால் ஒன்றும் செய்யாதவை. 2010 அளவில் வந்த ஆய்வுகள், தொப்பிக்கு எதிரான பிறபொருளெதிரி கூட வந்தால் அவையும் இந்த வழியால் உள்ளே போய்த் தொற்றை உண்டாக்குவதைக் காட்டின. மிச்சத் தொப்பியை உள்ளே வைத்தே ஃபியூரின் வெட்டிக் கொடுக்கிறது. இப்படிக் கூடுதல் கலங்களில் தொற்று, கூடுதல் வைரஸ், அதற்கேற்ற உடம்பின் அமளி.

இன்னொரு சின்ன விஷயம், வெப்பநிலை பற்றியது. 2ஆம் வகையின் சில கிளைகளை 28 பாகையில், அதாவது நுளம்பின் உடம்பு மாதிரியான சூட்டில் பார்த்தால் வழுவழுப்பு. 37 பாகைக்கு ஏற்றினால் உருண்டை சற்று உப்பி, கிடுகின் இடைவெளி விலகி, மேடு பள்ளமாகிறது. 2013இல் இது படமாகவே தெரிந்தது. மறைந்த இடங்கள் எட்டிப் பார்ப்பது இப்படியும்தான்.

இதெல்லாம் ஆய்வுகூடக் கதை, மனிதரில் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். கியூபாவைப் பாருங்கள். 1977இல் அங்கே 1ஆம் வகை பரவியது, பெரும்பாலும் லேசான நோய். 1981இல் 2ஆம் வகை வந்தபோது 344,000 பேருக்கு மேல் நோய், 158 பேர் இறந்தார்கள். பிறகு நுளம்பைக் கட்டுப்படுத்தினார்கள். 1997இல் சந்தியாகோ டி கியூபாவில் 2ஆம் வகை திரும்ப வந்தபோது கடுமையான நோய் வளர்ந்தவர்களிடம் மட்டும்தான். 1ஆம் வகை ஓடிய காலத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத் தொற்று வந்தும் கடுமையாகவில்லை. 20 வருடம் போன பிறகும் உடம்பு அந்த முதல் டெங்குவை மறக்கவில்லை.

சின்னமுத்துக்கு இந்த வில்லங்கம் இல்லாததற்கும் புரதத்தின் அமைப்புத்தான் காரணம். கலத்தைப் பிடிக்கிற அதன் பகுதிக்கு மேலேயே எங்கள் பிறபொருளெதிரி போய் உட்காருகிறது. அந்த இடத்தை மாற்றினால் வைரஸுக்குக் கலத்தைப் பிடிக்க முடியாமல் போகும். அதனால் உலகம் முழுவதும் ஒரே வகை. அக்கா மகளின் திறப்பு உவமையைச் சின்னமுத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அங்கே அது நன்றாகவே பொருந்தும்.

இப்போது குழந்தையின் கணக்கு. தாயிடம் இருந்து வந்த பிறபொருளெதிரி ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. 42 நாள் என்று வைத்தால் 210 நாளில் ஐந்து முறை பாதி: 32இல் ஒரு பங்கு. பிறந்த புதிதில் பிறபொருளெதிரி நிறைய இருப்பதால் வைரஸை முழுதாக மூடிப் பொறியை அடிக்க விடாது. மாமி சொல்வது அந்த மாதங்களுக்குச் சரி. ஒரு வயது தாண்டினால் எல்லாம் கரைந்துவிடும், அப்போது நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. நடுவில் ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அரைகுறை அளவு. மூடவும் போதாது, இல்லாமலும் இல்லை. நிக்கராகுவாவில் பல வருடம் பிள்ளைகளின் இரத்தத்தைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: பிறபொருளெதிரி மிகக் குறைந்தவர்களும் மிகக் கூடியவர்களும் தப்ப, நடு அளவில் இருந்தவர்களுக்கே கடுமையான நோய் கூடுதலாக வந்தது.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் தரம் டெங்கு வருகிற பெரும்பாலானவர்கள் சுகமாக வீட்டுக்குத்தான் போகிறார்கள். முதல் டெங்குவே கடுமையான ஆட்களும் உண்டு. ஆபத்தின் அளவு கூடுகிறது, அவ்வளவுதான்.

தடுப்பூசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். மஞ்சள் காய்ச்சல் வைரஸுக்கு டெங்குவின் மேலுறையை மாட்டிச் செய்த முதல் தடுப்பூசியைப் பிலிப்பைன்ஸில் 2016இல் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். முன்பு டெங்குவே வராத பிள்ளைகளுக்கு அது ‘முதல் டெங்கு’வின் வேலையைச் செய்து, பின்னால் வருகிற உண்மையான தொற்றைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017 நவம்பரில் தயாரித்தவர்களே அறிவித்தார்கள். இன்னொரு தடுப்பூசியை 2023இல் உலக சுகாதார நிறுவனம், டெங்கு அதிகமுள்ள இடங்களில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்தது. கைக்குழந்தைக்கு எதுவும் இல்லை. நம்பிக்கை தருவது வேறொன்று: 2015இல் லண்டனில் ஒரு குழு, சோடியாகப் படுத்த இரண்டு ‘ஈ’ புரதத்தையும் சேர்த்து ஒரே பிடியில் பிடிக்கிற பிறபொருளெதிரிகளை நோயாளிகளின் இரத்தத்திலேயே கண்டது. அவை நான்கு வகையையும் முடக்குகின்றன. நுனி வெளியே தெரியாதபடி சோடியை இறுக்கிக் கட்டி அதையே தடுப்பூசியாகக் காட்டினால் உடம்பு சரியான இடத்தைப் படிக்கும் என்று இப்போது முயல்கிறார்கள்.

மகனைப் பற்றி. போன வருடத்து டெங்கு அறிக்கையை எறிந்துவிடாதீர்கள். அடுத்த காய்ச்சலில் அதைக் காட்டுங்கள். எந்தக் காய்ச்சலானாலும் பனடோல் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில். புறூபன், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் கண்ணிலும் காட்ட வேண்டாம். மூன்றாம் நாள் முடிவதற்குள் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆரம்ப நாளில் எடுக்கிற என்.எஸ்.1 பரிசோதனை ‘இல்லை’ என்று வந்தாலும் அதை நம்பி இருந்துவிட வேண்டாம், இரண்டாம் தரத் தொற்றில் அது பிடிபடாமல் போவது கூடுதல். அந்த என்.எஸ்.1 என்பதும் டெங்குவின் ஒரு புரதம்தான். தொற்றிய கலங்கள் அதை இரத்தத்துக்குள் கொட்டுகின்றன, இரத்தக்குழாயின் உட்பூச்சை அது குலைக்கிறது, நீர் கசிவதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. கசிவு வருவது பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில். “காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பள்ளிக்கூடம் போகலாம்” என்று நாங்கள் நினைக்கிற அதே நாள். அன்றைக்குக் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, முரசில் இரத்தம், சோர்ந்து படுத்தல், சலம் குறைதல், கைகால் குளிர்தல் இதில் ஒன்று கண்டாலும் நேரே வைத்தியசாலை. பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கசிவைத் தவறவிடுகிறார்கள்.

பப்பாசி இலைச் சாறு அந்தக் கசிவை நிறுத்தாது. 11 வயதுப் பிள்ளைக்கு வாந்தியைக் கூட்டலாம், குழந்தைக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

ஏணை கட்டிய இடத்துக்கு வருகிறேன். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. காலையிலும் அந்தி சாய்கிற முன்னேரத்திலும் அதற்கு வேலை கூட. குழந்தை நித்திரை கொள்கிற நேரமும் அதுதான், ஆகவே பகலிலும் வலை வேண்டும். ஏணைக்கு மேலேயே போடுகிற குடை மாதிரி வலை கடைத்தெருவில் கிடைக்கும். மற்றது அந்த வள்ளம். தறப்பாள் நடுவில் தொய்ந்து குழி விழுந்திருக்கும், அதில் மாரித் தண்ணீர் நிற்கும், வள்ளத்துக்கு உள்ளேயும் நிற்கும். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு டோர்ச்சோடு போய் அந்தக் குழியைப் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே ஓடுகிற சின்னக் குச்சிகள் தெரிந்தால் தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டு, தறப்பாளைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும். வள்ளத்தைக் கணவரோடு சேர்ந்து கவிழ்த்துப் போடுங்கள். அதுவரை ஏணையை வீட்டின் மறுபக்கம் கட்டுங்கள்.